கயிற்றுக்கு வெளியே நின்றவள்

சங்கராந்தி விடுமுறை முடிந்து விடுதி திறந்த மறுநாள், சேஷகிரி பல்கலைக்கழக மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நிறுவன நாள் கயிறு இழுக்கும் போட்டிக்கு இந்த வருஷம் முதல் புதிய மாவட்டங்களின்படி அணிகள் சேர்க்கப்படும் என்று அதில் இருந்தது. பவ்யா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு யாமினிக்குப் போன் போட்டாள்.

"எங்கடி கீற? கிரவுண்டுக்கு வா. நம்மளப் பிரிச்சிட்டாங்க."

"யாரு?"

"கவர்மெண்ட்டு பிரிச்சது பத்தலன்னு யூனிவர்சிட்டியும் பிரிச்சிடுச்சு. வா, வந்து பாரு."

பவ்யாவின் ஊர் நகரிக்குப் பக்கம். யாமினியின் ஊர் புத்தூருக்குப் பக்கம். யாமினியின் அப்பா வீராசாமி, பவ்யாவின் அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பைக்கில் போனால் ஒரு டீ ஆறுகிற நேரம்தான். போன வருஷம் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, நகரி சித்தூரிலேயே நின்றுவிட்டது. வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள். பவ்யாவின் அப்பா முனுசாமிக்கு மட்டும் கோபம் தீரவில்லை. "உன் மாமன் மனு குடுக்க திருப்பதிக்குப் போறான், அரை மணியில திரும்பி வந்துடறான். நான் சித்தூர் வரைக்கும் போய்க்கினு கீறேன்" என்று எப்போது போன் செய்தாலும் சொல்வார். பவ்யாவுக்கு அது அப்பாவின் பிரச்சினையாகத்தான் பட்டது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும் வரை.

கயிறு இழுக்கும் போட்டி அந்தப் பல்கலைக்கழகத்தில் சாதாரண விஷயம் இல்லை. மலையடிவாரத்தில் முதல் கட்டடம் எழும்பிய காலத்தில் அந்த நிலம் முழுக்கப் பாறையாகக் கிடந்தது. இயந்திரம் வைத்து அகற்றப் பணம் இல்லை. முதல் வருஷத்து மாணவர்களே மாவட்ட வாரியாகப் பிரிந்து, உடைத்த கற்களைக் கயிறு கட்டி இழுத்து ஓரத்தில் சேர்த்தார்கள். கடைசிக் கல்லும் போன அன்று கயிறு சும்மா கிடந்தது. ஒரு நுனியைச் சித்தூர்ப் பையன்களும் மறு நுனியை நெல்லூர்ப் பையன்களும் பிடித்தார்கள். அன்றிலிருந்து நிறுவன நாளன்று எந்த விழா நடக்காவிட்டாலும் இது நடக்கும். வென்ற எட்டுப் பேரின் பெயரையும் பார்வையாளர் மாடத்தின் பின்சுவரில் எழுதி வைப்பார்கள். பெண்கள் வெகுகாலம் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எழுபதுகளில் ஒரு வருஷம், ஆண்களின் இறுதிப் போட்டி முடிந்ததும் விடுதிப் பெண்கள் கூட்டமாக இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பெண்களுக்கும் போட்டி வந்தது. புதிதாகச் சேரும் மாணவர்கள் நூலகத்தில் எப்படிப் புத்தகம் எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வார்கள்.

கயிற்றில் எட்டுப் பேர். வெளியே நின்று குரல் கொடுக்க ஒருவர். இதுதான் விதி.

போன வருஷம் சித்தூர்ப் பெண்கள் ஜெயித்தார்கள். அதற்கு முன் அவர்கள் ஜெயித்தது எப்போது என்று சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பவ்யா தாவரவியல் முதுகலை. நல்ல உயரம், நல்ல உடம்பு. கயிற்றைத் தோளுக்குக் குறுக்கே போட்டு இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நிற்பாள். யாமினி பொருளாதாரம் படித்தாள். ஒல்லியாக இருப்பாள், அவளை யாரும் கயிற்றில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அவளுக்குக் குரல் இருந்தது. அப்பாவின் நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்டிப் பழகிய குரல். மற்ற மாவட்டங்கள் எல்லாம் தெலுங்கில் குரல் கொடுத்தன. யாமினி தமிழில் கொடுத்தாள். எல்லையோரத்துப் பெண்கள் என்பதால் அணியில் எல்லாருக்கும் தமிழ் தெரியும். மூன்றே வார்த்தைகள். 'புடி' என்றால் குதிகாலை ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். 'சாய்' என்றால் மொத்தமாகப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். 'மூச்சு' என்றால் கைப்பிடியை விடாமல் உடம்பைத் தளர்த்தி ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். எதிரணி களைத்துத் தடுமாறும் நொடி எது என்று யாமினிக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலை மட்டும் கேட்டு இழுத்ததாகப் பவ்யா பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

காகிதத்தைப் பார்த்த அன்று மாலையே இருவரும் உடற்கல்வி இயக்குநர் ஹேமநாத்தைப் பார்க்கப் போனார்கள். அவர் சித்தூர் டவுன்காரர். தமிழும் தெலுங்கும் ஒன்றுபோலப் பேசுவார்.

"சார், இந்த ஒரு வருஷம் பழைய ஜில்லாவே இருக்கட்டும் சார்" என்றாள் பவ்யா. "நாங்க செகண்ட் இயர். அடுத்த வருஷம் இருக்க மாட்டோம்."

"எல்லா வருஷமும் யாராவது செகண்ட் இயர் இருப்பாங்கம்மா."

"ஜில்லாவப் பிரிச்சது ஆபீசுக்காக சார். இது விளையாட்டு."

ஹேமநாத் சிரித்தார். "இது புதுசில்ல. எழுபதுல ஒங்கோல் ஜில்லா வந்துச்சு, இப்போ பிரகாசம்னு பேரு. அதுவரைக்கும் நெல்லூர் டீம்ல இழுத்துக்கினு இருந்த பசங்கள்ல சிலபேரு ஒரே ராத்திரியில ஒங்கோல்காரங்க ஆயிட்டாங்க. அவங்களும் இதே மாதிரி அப்போ இருந்த சார்கிட்ட வந்து நின்னாங்களாம்."

"அப்புறம்?" என்றாள் யாமினி.

"அழுதுட்டு இழுத்தாங்க. போங்கம்மா."

வெளியே வந்ததும் பவ்யா ஹேமநாத்தைத் திட்டிக்கொண்டே நடந்தாள். யாமினி ஏதோ யோசிக்கிறாள் என்று அவள் நினைத்தாள். அது சரிதான். ஆனால் என்ன யோசிக்கிறாள் என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது.

திருப்பதி மாவட்ட அணியைச் சேர்த்துக்கொண்டிருந்த பெண்கள் யாமினியைத் தேடி, அவளும் பவ்யாவும் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்தார்கள். சூளூர்ப்பேட்டை, கூடூர்ப் பக்கத்துப் பெண்கள். தடாவிலிருந்து ஒருத்தி. போன வருஷம்வரை அவர்களில் பலர் நெல்லூர் அணி. இறுதிப் போட்டியில் யாமினியின் குரலுக்குத் தோற்றவர்கள். அவளே குரல் கொடுக்க வேண்டும், அவளே கேப்டனாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். யாமினி உடனே சரி என்றாள்.

அவர்கள் போனதும் பவ்யா கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"யோசிச்சு சொல்றேன்னாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எதுக்கு யோசிக்கணும்?"

"எனக்கு எதிரா நின்னு கத்தப் போறியா?"

"உனக்கு எதிரா இல்ல. சித்தூருக்கு எதிரா."

"சித்தூர்னா யாரு? நான்தான். நீயும்தான், போன வருஷம் வரைக்கும்."

யாமினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் நான் யாருடி? செவுத்துல போய்ப் பார்த்தியா? எட்டு பேரு எழுதியிருக்குது. என் பேரு இருக்குதா?"

அந்தச் சுவரில் தன் பெயரைப் பவ்யா பலமுறை பார்த்திருக்கிறாள். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். யாமினியின் பெயர் அங்கே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதுலயும் எட்டு பேரு" என்றாள் யாமினி. "எங்கப்பா கேட்டாரு, நீ எங்கம்மா நிக்கிறேன்னு. நான்தான் போட்டோ எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"நீ அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீ பார்த்திருக்கலாம்."

அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்துகொண்டு இருவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். பக்கெட் எங்கே, சாவி யாரிடம், லைட்டை அணை. சாப்பாட்டுக் கூடத்தில் வேறு வேறு மேசை. பவ்யாவுக்குக் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில், யாமினி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதும் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

சித்தூர் அணிக்குப் பவ்யா கேப்டன். குப்பம், பலமநேர் ஆகிய ஊர்களில் இருந்து புதிதாக ஆட்கள் வந்தார்கள். நல்ல பலமான பெண்கள், ஆள் குறையில்லை. குரல்தான் இல்லை. குப்பத்துப் பெண் செங்கம்மாவை முயன்று பார்த்தார்கள். அவள் பாடுவாள், நன்றாகவே பாடுவாள். ஆனால் கத்தச் சொன்னால் வெட்கப்பட்டாள். 'சாய்' என்று அவள் சொல்லும்போது யாரோ யாரையோ தோளில் சாய்ந்துகொள்ளச் சொல்வதுபோல இருந்தது. பெண்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அணியின் பொறுப்பாளராக இருந்த விரிவுரையாளர் அருள்குமார், தானே குரல் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஆசிரியர்கள் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது.

ஒரு நாள் மாலை, மைதானத்தின் ஒரு பக்கம் சித்தூர் அணியும் மறு பக்கம் திருப்பதி அணியும் பயிற்சி செய்துகொண்டிருந்தன. பவ்யாவின் அணி ஓய்வில் இருந்தது. அவள் கயிற்றை இன்னும் இடுப்பிலிருந்து கழற்றாமல் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாமினி குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அணியில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால் தெலுங்கில் கொடுத்தாள். 'புடி'க்குப் 'பட்டு', 'சாய்'க்கு 'லாகு', 'மூச்சு'க்கு 'ஊபிரி'.

"லாகு!" என்று யாமினியின் குரல் வந்தது. பவ்யாவின் கால் தானாகப் பின்னால் போனது. கையிலிருந்த பாட்டிலில் இருந்து தண்ணீர் சிந்தியது.

அவள் சிந்திய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் அணியைக் கூப்பிட்டாள்.

"நமக்குக் கொரல் குடுக்க ஆள் தேட வேணாம்" என்றாள். "எதிர்ல ஒருத்தி குடுக்கப் போறா. அவ அவங்களுக்கு லாகுன்னு சொல்லும்போது நாமளும் இழுக்கலாம். அவங்க மூச்சு வாங்கும்போது நாமளும் வாங்கலாம். அவங்க என்னா பண்ணப் போறாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுபோவுது."

"அது சரியா வருமா?" என்றாள் செங்கம்மா.

"அவளவிட நல்லா கொரல் குடுக்கறவ இந்த யூனிவர்சிட்டியில இல்ல. யாருக்குக் குடுத்தா இன்னா?"

அன்றிலிருந்து அவர்கள் திருப்பதி அணி பயிற்சி செய்யும் நேரத்தைப் பார்த்து, அதே நேரத்தில் பயிற்சி செய்தார்கள். மைதானத்தின் இந்தப் பக்கம் இருந்து அந்தக் குரலைக் கேட்டு இழுத்தார்கள். யாமினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று பவ்யா நினைத்தாள்.

நிறுவன நாள் பிப்ரவரியில் வந்தது. காலையில் கொடியேற்றம், துணைவேந்தர் பேச்சு, பழைய மாணவர்களுக்குச் சால்வை. மதியச் சாப்பாடு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் மைதானத்துக்கு வந்துவிட்டது. மாடம் நிறைந்து, மரத்தடியிலும் மதில்மேலும் ஆள் இருந்தது. பெண்கள் பிரிவில் சித்தூர் கடப்பாவைக் கஷ்டப்பட்டு ஜெயித்தது. செங்கம்மாதான் குரல் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கே வெறி வந்து தொண்டை கட்டும்வரை கத்தினாள். அடுத்து அனந்தபுரத்தையும் தாண்டினார்கள். திருப்பதி அணி நெல்லூரையும் கர்னூலையும் சுலபமாக ஜெயித்துவிட்டு வந்தது. இறுதிப் போட்டி சித்தூருக்கும் திருப்பதிக்கும். மூன்று இழுவையில் இரண்டு ஜெயித்தவர் வென்றவர்.

நடுவர் ஹேமநாத். அவர் விசில் ஊதினார்.

முதல் இழுவையில் செங்கம்மா சித்தூர் பக்கம் சும்மா நின்றாள். தொண்டை போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். யாமினி "பட்டு!" என்றாள். பதினாறு பேரும் ஊன்றி நின்றார்கள். "லாகு!" என்றாள். பதினாறு பேரும் சாய்ந்தார்கள். கயிறு முறுக்கேறி நின்றது. நடுவில் கட்டிய சிவப்புத் துணி அசையவில்லை. "ஊபிரி!" பதினாறு பேரும் மூச்சு வாங்கினார்கள். கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். ஒருத்தி இரண்டு அணிக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பலம் சித்தூர் பக்கம் கொஞ்சம் அதிகம். நான்காவது "லாகு"வில் சிவப்புத் துணி சித்தூர் பக்கம் வந்துவிட்டது.

பவ்யா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யாமினியைப் பார்த்தாள். யாமினியும் அவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது இழுவையில் யாமினி தாளத்தை மாற்றினாள். "பட்டு" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஒன்றுமே சொல்லவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். முன்வரிசையில் நின்ற பலமநேர்ப் பெண்ணுக்குக் கால் நழுவியது. அந்த நொடியில் "லாகு, லாகு, லாகு" என்று இடைவெளி இல்லாமல் மூன்று. சித்தூர் அணி மூன்றாவதில் சரிந்தது. ஆளுக்கு ஒன்று.

இடைவேளையில் யாமினி தன் பெண்களைக் கூட்டி வைத்து ஏதோ பேசினாள். பவ்யா தன் பெண்களிடம், "அவ என்னா பண்ணாலும் கொரல விடாதீங்க. கேட்டுக்கினே இருங்க" என்றாள்.

மூன்றாவது இழுவை வெகுநேரம் நடந்தது. யாமினி வழக்கம்போல "பட்டு" என்றாள், "லாகு" என்றாள், "ஊபிரி" என்றாள். துணி ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தது, ஒரு சாண் அந்தப் பக்கம் போனது. பவ்யாவின் தோலைக் கயிறு அறுத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். போன வருஷமும் இப்படித்தான் மூடிக்கொண்டாள். வியர்வையும் புழுதியும் அந்தக் குரலும். வேறு எதுவும் இல்லை.

"லாகு!" சாய்ந்தாள். "பட்டு!" ஊன்றினாள்.

"மூச்சு!"

தமிழில் வந்தது. போன வருஷத்து வார்த்தை, போன வருஷத்து அதே குரல். பவ்யாவின் உடம்பு யோசிக்கவில்லை. தோள் தளர்ந்தது, நெஞ்சு விரிந்து மூச்சு உள்ளே போனது. அவளுக்கு முன்னால் நின்ற நகரிப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் அதையே செய்தார்கள். அதே நேரத்தில் யாமினியின் கை மேலே போனது. அவள் பெண்கள் குரலைக் கேட்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். பவ்யா கண்ணைத் திறந்தபோது குப்புற விழுந்து மண்ணில் இழுபட்டுக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது. திருப்பதி ஜெயித்தது.

மைதானம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. அருள்குமார் நேராக ஹேமநாத்திடம் போனார். எதிரணிக்குப் பொய்க் குரல் கொடுத்தது தவறு, மூன்றாவது இழுவையை மறுபடி நடத்த வேண்டும் என்றார். ஹேமநாத் விதிகள் இருந்த ஒற்றைத் தாளை எடுத்து வரச் சொன்னார். குரல் கொடுப்பவர் கயிற்றைத் தொடக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, ஆசிரியராக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் இருந்தது.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தரும் பண்ணல சார், அதனால எழுதி வைக்கல" என்றார் ஹேமநாத். "ஆனா கேப்டன் கையெழுத்து போட்டு ஆட்சேபணை குடுத்தா கமிட்டி உட்காரும். என்னால அவ்வளவுதான் செய்ய முடியும்."

அருள்குமார் பவ்யாவிடம் வந்தார். அவள் தண்ணீர்க் குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணும் ரத்தமுமாக ஓடியது.

"ஒரு கையெழுத்து போடும்மா. மறுபடி இழுத்தா நாம ஜெயிப்போம். நம்ம பக்கம்தான் பலம்."

பவ்யா கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. தோற்றதற்காக அல்ல. நூறு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, அவள் உடம்பு அந்த ஒரே குரலை நம்பி மூச்சு வாங்கியது. அதை யாமினி தெரிந்தே செய்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அவ பொய்தானே சொன்னா?" என்றார் அருள்குமார். "அதைத்தான் எழுதப் போறோம்."

"அவ எங்களுக்கா சார் கொரல் குடுத்தா?" என்றாள் பவ்யா. "அது அவங்க கொரல். நாங்கதான் திருட்டுத்தனமா கேட்டு இழுத்தோம். முதல் இழுவை அப்படித்தான் ஜெயிச்சோம். அப்போ நாம யாரும் கமிட்டிக்குப் போவல."

"அது வேற, இது வேற."

"இல்ல சார். நான் போட மாட்டேன்."

அருள்குமார் செங்கம்மாவைப் பார்த்தார். செங்கம்மாவுக்குப் பேசக் குரல் இல்லை. தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினாள். மற்றப் பெண்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தி பவ்யாவைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். கேப்டன் போடாத ஆட்சேபணை அத்தோடு முடிந்தது.

அன்று இரவு யாமினி அறைக்கு வரவில்லை. வெற்றி பெற்ற அணியோடு ஊருக்குள் சாப்பிடப் போயிருந்தாள். மறுநாள் பவ்யா எழும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பவ்யா வகுப்புக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சுவரில் பெயர் எழுதுபவர் வந்தார். திருப்பதி அணிப் பெண்கள் அவரிடம் ஒன்பது பெயர் கொடுத்தார்கள். எட்டுதான் எழுதுவது வழக்கம் என்று அவர் ஹேமநாத்தைக் கேட்கப் போனார். ஹேமநாத் யோசித்துக்கொண்டிருந்தபோது பவ்யாவும் அங்கே வந்து சேர்ந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"ஒன்பது எழுதச் சொல்லுங்க சார்" என்றாள். "இந்த வருஷம் யாரு ஜெயிச்சாங்கன்னு மைதானத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும்."

"நீ தோத்த டீம் கேப்டன். நீயா வந்து கேட்கிற?"

"ஆமா சார். இன்னொண்ணும் கேட்கணும். போன வருஷத்து எழுத்துக்குக் கீழ எடம் கீது. அதுலயும் யாமினி பேரு சேர்க்கணும்."

ஹேமநாத் முதலாவதற்குச் சரி என்றார். இனி ஒவ்வொரு வருஷமும் ஒன்பது பெயர் எழுதலாம், கமிட்டியில் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். இரண்டாவதற்கு மாட்டேன் என்றார். "எழுதினது எழுதினதுதான். ஒரு வருஷத்தத் திருத்தினா அறுபது வருஷத்து ஆளுங்களும் வந்து நிப்பாங்கம்மா." பவ்யா எவ்வளவோ கேட்டும் அவர் அசையவில்லை.

இதை அவள் யாமினியிடம் சொல்லவில்லை. பெயர் எழுதுபவர் சொல்லி யாமினிக்குத் தெரிந்தது.

சிவராத்திரிக்கு விடுதி காலியானது. பவ்யா பேருந்து நிலையத்தில் நகரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் யாமினி ஓடிவந்து ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் ரேணிகுண்டாவைத் தாண்டியது.

"கை எப்படிக் கீது?" என்றாள் யாமினி.

"காஞ்சுடுச்சு."

"நீங்க எங்கூட சேர்ந்து பிராக்டீஸ் பண்றது எனக்கு மொத நாளே தெரியும்."

"திரும்பிக்கூட பார்க்கல நீ."

"பார்த்தா நிறுத்திடுவீங்க. அதான் பார்க்கல."

பவ்யா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீ என்னை ஏமாத்துன" என்றாள்.

"ஆமா."

"மறுபடி அந்த மாதிரி ஒரு இழுவை வந்தா?"

யாமினி யோசித்தாள். "செய்வேன். ஜெயிக்கணும்னா செய்வேன். ஆனா அன்னிக்கு உன் மொகம் மண்ணுல தேச்சுக்கினு வந்ததப் பார்த்தேன். ஓடி வந்து தூக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள இவளுங்க என்னத் தோள்மேல ஏத்திட்டாளுங்க."

"தோள்மேல இருந்து நல்லா கையாட்டுன. பார்த்தேன்."

"ஆட்டுனேன். யாரு என்னை அப்படித் தூக்கியிருக்காங்க இதுக்கு முன்னாடி?"

பவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. யாமினியும் சிரித்தாள். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

புத்தூரில் பஸ் நின்றது. யாமினி எழுந்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்து, "அத்தையப் பார்த்து ரொம்ப நாளாச்சு. எங்கப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றாள். கண்டக்டர் வந்து நகரி வரைக்கும் இன்னொரு டிக்கெட் கொடுத்தார்.

வீட்டில் பவ்யாவின் அம்மா பச்சையம்மாள் இருவருக்கும் இலை போட்டாள். முனுசாமி மாந்தோப்பில் பூ எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து, கை கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"போட்டி இன்னா ஆச்சு? இவ போன்ல ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றா."

"நாங்க ஜெயிச்சிட்டோம் மாமா" என்றாள் யாமினி.

"ஏமாத்திட்டு ஜெயிச்சாங்க நைனா" என்றாள் பவ்யா அப்பாவிடம்.

"இவங்க முதல்ல என் கொரல திருடுனாங்க மாமா, அதச் சொல்லச் சொல்லுங்க."

"கொரல எப்படித் திருடறது?" என்றார் முனுசாமி. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சையம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

பவ்யா சொல்ல ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே யாமினி குறுக்கே விழுந்து, அப்படி இல்லை, அறிவிப்புப் பலகையில் இருந்து சொல்ல வேண்டும் என்றாள். "துன்னுட்டு பேசுங்கடி" என்றாள் பச்சையம்மாள். இருவரும் கேட்கவில்லை. முனுசாமி சோற்றில் கை வைத்தபடி ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.